வாஸ்கோ ட காமா ஏன் பிரேசில் பக்கம் சுற்றிக்கொண்டு போனார்?

#1 வேம்படி

மகள் எட்டாம் வகுப்பு. ஐரோப்பியர்கள் வந்த பாடத்துக்காக வாஸ்கோ ட காமா போன வழியை வரைபடத்தில் குறித்து வரச் சொல்லியிருக்கிறார்கள். அவள் லிஸ்பனில் பென்சிலை வைத்து, ஆப்பிரிக்கக் கரையை ஒட்டியே கோடு இழுத்துக்கொண்டு போனாள். நானும் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் அட்லஸைப் பிரித்துப் பார்த்தால் கோடு வேறு மாதிரி இருக்கிறது. கேப் வெர்டே தீவுகள் வரைக்கும் கரைப்பக்கமாக வருகிறது. அங்கிருந்து கரையை விட்டுவிட்டு நடு அட்லாண்டிக்குக்குள் இறங்கி, பிரேசிலை நோக்கிச் சாய்ந்து, வில் மாதிரி வளைந்து, ஆப்பிரிக்காவின் தென்முனைக்குக் கொஞ்சம் மேலே மறுபடியும் கரை சேர்கிறது.

"நேரா இருக்கிற வழியை விட்டுட்டு ஏம்மா இப்படிச் சுத்திப் போனாங்க?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. கரையை ஒட்டிப் போனால் தண்ணீர் பிடிக்கலாம், விறகு எடுக்கலாம், வழியும் தவறாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள். திங்கட்கிழமை அவள் கொண்டுபோக வேண்டும்.

#2 பனங்காடை

புயல் அடித்துத் தள்ளியிருக்கும் அக்கா. அந்தக் காலத்தில் பாதி ஊரை அப்படித்தானே பார்த்தார்கள்.

#3 நடுக்கடல்

புயல் இல்லை. தெரிந்தே போனார்கள்.

நான் சரக்குக் கப்பலில் இரண்டாம் அதிகாரி. அங்கோலாவிலிருந்து தெற்கே கேப்டவுன் நோக்கி இறங்கும் வழியில் சில தடவை போயிருக்கிறேன். அந்த வழி முழுக்கக் காற்று முகத்தில்தான் அடிக்கும். தென்கிழக்கிலிருந்து நாள் கணக்கில் ஒரே சீராக வீசும். கீழே நீரோட்டமும் வடக்கு நோக்கி ஓடுகிறது, பெங்குவேலா நீரோட்டம் என்பார்கள். காலையில் பிரிட்ஜ் கண்ணாடியைத் துடைத்தால் மதியத்துக்குள் உப்பு திரும்பப் படிந்துவிடும். பெரிய இன்ஜின் வைத்த கப்பலே அங்கே வேகம் குறையும் என்றால், பாயை மட்டும் நம்பியவன் என்ன செய்வான்?

குறுக்காகக் கட்டிய சதுரப் பாய் காற்றுக்கு எதிரே ஏறாது. காற்று பக்கவாட்டில் இருந்தால் ஓடும், பின்னால் இருந்தால் பிரமாதமாக ஓடும். அதனால் பாய்க்கப்பல்காரனுக்குத் தூரம் இரண்டாவது கணக்கு. காற்று எந்தப் பக்கம் என்பதுதான் முதல் கணக்கு.

மகளிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். போர்ச்சுகலிலிருந்து கேப் வெர்டே வரைக்கும் வடகிழக்கு வியாபாரக் காற்று முதுகில் இருக்கும். நிலநடுக்கோட்டுப் பக்கம் காற்றே இல்லாத அமைதி மண்டலம். அதைத் தாண்டினால் தென்கிழக்கு வியாபாரக் காற்று. கரையை ஒட்டி நின்றால் அது நேரே மூக்கில் அடிக்கும். தென்மேற்கே சாய்ந்தால் அதே காற்று இடது பக்கத்தில் வாங்கி ஓடலாம். அப்படியே ஓடி ஓடித் தெற்கே இறங்கினால், சுமார் 30 டிகிரி அட்சரேகைக்குக் கீழே மேலைக்காற்று ஆரம்பிக்கும். அது மேற்கிலிருந்து கிழக்கே வீசும். அதன் மேல் ஏறி உட்கார்ந்தால் நேரே ஆப்பிரிக்காவின் தென்முனை. அட்லஸில் நீங்கள் பார்த்த வில் இதுதான். காற்றின் வளைவைத்தான் கப்பல் வரைந்திருக்கிறது.

தேதியையும் சொல்கிறேன். லிஸ்பனை விட்டது 1497 ஜூலை 8. கேப் வெர்டேயின் சாந்தியாகு தீவிலிருந்து கிளம்பியது ஆகஸ்ட் 3. அடுத்து நிலத்தைப் பார்த்தது நவம்பர் 4. நடுவில் 93 நாள் தண்ணீரைத் தவிர வேறொன்றும் இல்லை. கொலம்பஸ் கனாரித் தீவிலிருந்து பஹாமாஸ் போய்ச் சேர 36 நாள்தான் ஆனது. இந்த 93 நாளை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை, எனக்கு அது எப்போதும் வருத்தம்தான். கூடவே போன ஒருவர் எழுதிய பயணக் குறிப்பு ஒன்று இருக்கிறது. அந்த மூன்று மாதத்துக்கு அதில் சில வரிதான். நாரை போன்ற பறவைகள் கூட்டமாகத் தென்தென்கிழக்கே பறந்தன, திமிங்கிலம் பார்த்தோம், அவ்வளவுதான்.

#4 பனங்காடை

சரி அண்ணே. ஆனால் காற்று அங்கே அப்படித் திரும்பும் என்று அவர்களுக்கு முன்கூட்டியே எப்படித் தெரியும்? யாருமே போகாத கடல் இல்லையா?

#5 திசைகாட்டி

நல்ல கேள்வி. வாஸ்கோ ட காமாவை மட்டும் பார்த்தால் புரியாது, அறுபது வருடம் பின்னால் போக வேண்டும்.

மேற்கு சஹாராக் கரையில் பொஜாதோர் என்றொரு முனை. 1434 வரை போர்ச்சுகீசியக் கப்பல் எதுவும் அதைத் தாண்டித் திரும்பியதில்லை. கடல் கொதிக்கும், பூதம் இருக்கும் என்றெல்லாம் பாடத்தில் எழுதுவார்கள். உண்மையான பயம் இன்னும் எளிமையானது. போகும்போது காற்றும் நீரோட்டமும் தெற்கே இழுத்துக்கொண்டு போகும். திரும்பும்போது இரண்டும் எதிரே நிற்கும். போவது பிரச்சினையே இல்லை. எப்படி வீடு வந்து சேர்வது? அந்த வருடம் ஜில் எயான்ஷ் என்பவர் தாண்டிவிட்டுத் திரும்பினார்.

அதற்குப் பிறகு கினி வளைகுடா வரை போக ஆரம்பித்ததும் ஒரு தந்திரம் கைவந்தது. வீட்டுக்குத் திரும்ப வேண்டுமென்றால் வீடு இருக்கும் திசைக்குத் தலையைத் திருப்பாதே. கரையை விட்டு வடமேற்கே, அட்லாண்டிக்கின் நடுவுக்குப் போ. அசோர்ஸ் தீவுகளின் உயரத்துக்கு ஏறியதும் மேலைக்காற்று கிடைக்கும், அது லிஸ்பனில் கொண்டுவந்து விடும். இதற்குப் போர்ச்சுகீசியர் வைத்த பெயர் 'வோல்டா டோ மார்'. கடலில் போட்டுத் திரும்பும் திருப்பம் என்று சொல்லலாம். வீட்டுக்குப் போகிறவன் வீட்டை விட்டு விலகிப் போக வேண்டும். முதன்முதலில் அந்தத் திசையில் சுக்கானைத் திருப்பியவனின் மனசை நினைத்துப் பாருங்கள். நான் இந்த விஷயத்தைப் படித்துப் பத்து வருடம் ஆகிறது, இன்னும் அந்த ஆளை நினைக்காமல் இருக்க முடியவில்லை. பெயர் கூட எங்கும் பதிவாகவில்லை.

வாஸ்கோ ட காமாவின் வில் அதே திருப்பத்தைத் தலைகீழாகப் போட்டது. அதற்கான குறிப்பு பார்த்தலோமியு டயஸிடமிருந்து வந்தது. அவர் 1487-88இல் ஆப்பிரிக்கக் கரையை ஒட்டியே, நடுக்கடல் அண்ணன் சொன்ன எதிர்க்காற்றில் முட்டி முட்டித்தான் இறங்கினார். ஒரு கட்டத்தில் கரையை விட்டு விலகித் தெற்கே 13 நாள் ஓடி, பிறகு கிழக்கே திரும்பினார். கரை வரவே இல்லை. வடக்கே திரும்பிய பிறகுதான் 1488 பிப்ரவரி 3 அன்று இன்றைய மொசல் விரிகுடாவில் நிலம் தென்பட்டது. தென்முனையைப் பார்க்காமலேயே தாண்டிவிட்டிருந்தார். தெற்கே தள்ளிப் போனால் கிழக்கே தள்ளும் காற்று இருக்கிறது என்பது அப்போது கையில் கிடைத்த செய்தி.

#6 நடுக்கடல்

திசைகாட்டி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். எனக்கு இதுதான் மிக உறுதியான சாட்சி.

டயஸ் போனது கேரவெல் என்ற சின்னக் கப்பலில். அதில் முக்கோணப் பாய், எதிர்க்காற்றில் ஓரளவு வளைந்து வளைந்து ஏறும். கரையோரம் துழாவுவதற்கு அதைவிட நல்ல கப்பல் அப்போது இல்லை. வாஸ்கோ ட காமாவுக்காகப் புதிதாகக் கட்டிய சாங் கப்ரியேல், சாங் ரஃபாயேல் இரண்டும் அந்த வகை இல்லை. அகலமான உடம்பு, சதுரப் பாய், காற்று பின்னாலோ பக்கத்திலோ இருந்தால்தான் ஓடும். கட்டும் வேலையை மேற்பார்த்தவர் அதே டயஸ். எதிர்க்காற்றில் பட்ட பாடு அவருக்கு மறந்திருக்காது. அப்படிப்பட்டவர் எதிர்க்காற்றுக்கு ஆகாத கப்பலைக் கட்டிக் கொடுத்திருக்கிறார் என்றால், காற்றோடு ஓடப் போகிறோம் என்று கிளம்பும் முன்பே தீர்மானித்துவிட்டார்கள் என்றுதானே அர்த்தம்?

#7 தண்டல்பேரன்

தூத்துக்குடியிலிருந்து. நடுராத்திரியில் முழு இழையையும் படித்துவிட்டேன்.

என் தாத்தா தோணியில் தண்டல், அதாவது தோணியை நடத்துகிறவர். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் சரக்கு ஏற்றிக்கொண்டு பாயில் ஓடியவர். இன்ஜின் பிறகுதான் வந்தது. நான் பையனாக இருந்தபோது திண்ணையில் உட்கார்ந்து கயிற்றை முறுக்கிக்கொண்டே சொல்வார், "போற காத்து எல்லாருக்கும் தெரியும்ல. வாற காத்தப் பாத்துட்டுக் கெளம்புறவன்தான் தண்டல்." காற்று ஒத்துவராவிட்டால் கொழும்பில் தோணியைக் கட்டிப்போட்டுக் காத்துக் கிடப்பார்கள். வீட்டில் ஆச்சிக்குத் தந்தி எல்லாம் வராது. மாடியில் நின்று காற்று திரும்பிவிட்டதா என்று பார்ப்பாளாம். சேலைத் தலைப்பு கடல் பக்கமாகப் பறந்தால் இன்று வரமாட்டார் என்று உலையில் அரிசியைக் குறைத்துப் போடுவாள்.

தாத்தா சொன்னதையே போர்ச்சுகல்காரனும் ஒரு திருப்பமாகக் கண்டுபிடித்து வைத்திருக்கிறான் என்று இன்றுதான் தெரிந்துகொண்டேன்.

#8 கரிசல்

எல்லோரும் சொல்லிக்கொண்டு போகிறீர்கள், எனக்கு ஒரு நெருடல். "கண்டுபிடித்தார்கள்" என்று எழுதும்போதெல்லாம் கை நிற்க வேண்டும். 1498 மே 20 அன்று கோழிக்கோடு பக்கம் காப்பாட்டில் நங்கூரம் போட்டு, முதலில் ஒரு ஆளைக் கரைக்கு அனுப்பினார்கள். கப்பலில் கூட்டிவந்த தண்டனைக் கைதிகளில் ஒருவன் அவன். கரையில் அவனை வரவேற்றவர்கள் துனீசியாவிலிருந்து வந்த இரண்டு வியாபாரிகள். அவர்களுக்கு ஸ்பானிய மொழி தெரியும். "சைத்தான் கொண்டுபோக, உன்னை இங்கே யார் கொண்டுவந்தது?" என்று கேட்டார்களாம். உலகம் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தது. துனீசியாவிலிருந்து கோழிக்கோடு வரை வழி எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கோழிக்கோட்டு அரசர் சாமூதிரிக்கு இவர்கள் கொண்டுபோன பரிசைப் பாருங்கள். கோடு போட்ட துணி 12, சிவப்புத் தலையங்கி 4, தொப்பி 6, பவளச் சரம் 4, கை கழுவும் கிண்ணம் 6, கொஞ்சம் சர்க்கரை, எண்ணெய், தேன். பார்த்த அதிகாரிகள் சிரித்துவிட்டார்கள். மெக்காவிலிருந்து வரும் ஏழை வியாபாரி கூட இதைவிட நிறையக் கொடுப்பான் என்றார்கள். தங்கள் வயிற்றுக்குக் கடல் தாண்டி வந்தவர்களை ஏதோ உலகத்துக்கு வெளிச்சம் காட்ட வந்தவர்களைப் போலப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம்.

வேம்படி அக்கா, மகளிடம் இதையும் சொல்லுங்கள்.

#9 திசைகாட்டி

கரிசல் ஐயா, நீங்கள் சொல்வதில் ஒரு வரியைக்கூட மறுக்க மாட்டேன். ஆனால் கடலை இரண்டாகப் பிரித்துப் பார்த்தால் தெளிவாகும். அட்லாண்டிக்கின் காற்றை அவர்கள் தாங்களே தேடிக் கற்றார்கள். இந்தியப் பெருங்கடலின் காற்றை அடுத்தவரிடம் கேட்டுத்தான் கடந்தார்கள்.

கென்யாக் கரையில் மாலிந்தி. அங்கே வந்து சேர்ந்தது 1498 ஏப்ரல் 14. மாலிந்தி அரசர் ஒரு வழிகாட்டியைக் கொடுத்தார். ஏப்ரல் 24 கிளம்பினார்கள், மே 18 மலபார் மலை தெரிந்தது. இருபத்து மூன்று, இருபத்து நான்கு நாளில் அரபிக்கடலைத் தாண்டிவிட்டார்கள். தென்மேற்குப் பருவக்காற்று வலுக்கும் முன்னால், சரியான வாரத்தில்.

அந்த வழிகாட்டி புகழ்பெற்ற அரபுக் கடலோடி இப்னு மாஜித் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். அது நிற்காது. இப்னு மாஜித்தின் கதை பல பத்தாண்டு கழித்து எழுதிய ஒரு அரபு வரலாற்றிலிருந்து கிளம்பியது. போர்ச்சுகீசிய வரலாற்றாசிரியர்கள் அந்த ஆள் குஜராத்தி என்று எழுதுகிறார்கள், 'மாலெமோ கானா' என்று பெயர் வைக்கிறார்கள்.

இந்த 'மாலெமோ'வைக் கவனியுங்கள். அது பெயரே இல்லை. அரபியில் முஅல்லிம், கற்றவர், கப்பலுக்கு வழி சொல்பவர். நாம் தினமும் சொல்லும் 'மாலுமி' அதே சொல்தான். அரபியிலிருந்து தமிழுக்கு வந்தது. லிஸ்பன்காரன் ஏட்டில் எழுதியதும் நம் கரையில் பேசியதும் ஒரே சொல். அந்தக் கடலில் யார் வாத்தியார் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

'மான்சூன்' என்ற சொல்லும் அப்படித்தான். அரபி மௌசிம், அதாவது பருவம். போர்ச்சுகீசியர் அதை மொன்சாங் ஆக்கினார்கள், அங்கிருந்து ஆங்கிலம். நாம் பருவக்காற்று என்கிறோம். ஆறு மாதம் இப்படி, ஆறு மாதம் அப்படி. திரும்பி வருவதற்கு நடுக்கடலில் வளைவு தேட வேண்டிய வேலையே இல்லை, காத்திருந்தால் காற்றே திரும்பிவிடும். முசிறிக்கு மிளகு வாங்க வந்த ரோமக் காலத்துக் கப்பல்களும் இந்தக் காற்றில்தான் வந்து போயின.

#10 வாடைக்காத்து

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுறன். இதில் ஒண்டு சொல்லாமல் போக மனம் வரவில்லை. எங்கட பக்கம் காற்றுக்குத் திசை சொல்வதில்லை, பெயர் சொல்வோம். சோழகம், கச்சான், வாடை, கொண்டல். சோழகம் தொடங்கினால் இன்ன வேலை, வாடை தொடங்கினால் இன்ன வேலை என்று கிழவர்கள் நாட்காட்டி பார்க்காமலே சொல்லுவினம்.

வல்வெட்டித்துறையில் கட்டின அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அட்லாண்டிக்கைக் கடந்து அமெரிக்காவின் குளூஸ்டர் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு அமெரிக்கர் வாங்கின கப்பல், ஓடினது எங்கட ஊர் ஆட்கள். கொலம்பஸ் போன கடலில் எங்கட பாயும் ஓடியிருக்கு. தம்பி தண்டல்பேரன், உங்கட தாத்தாவின் கதையைத் தயவுசெய்து எழுதி வையுங்கோ.

#11 நடுக்கடல்

திசைகாட்டி போகும் வழியைச் சொன்னார். அந்தப் பயணத்தின் நிஜமான பாடம் திரும்பும் வழியில்தான் இருக்கிறது. இதைச் சொல்லாமல் விட்டால் பாதிக் கதைதான்.

கோழிக்கோட்டை விட்டுக் கிளம்பியது 1498 ஆகஸ்ட் 29. சாமூதிரியோடு மனக்கசப்பு, சரக்குக்கு வரி கேட்டு இழுபறி, ஆளைப் பிடித்து வைத்தது, எல்லாம் சேர்ந்து அவசரம். அந்த ஊர் வியாபாரி எவனும் அந்த மாதத்தில் மேற்கே கிளம்ப மாட்டான். தென்மேற்குக் காற்று இன்னும் முழுக்க ஓயவில்லை, வடகிழக்குக் காற்று நிலைக்க டிசம்பர் ஆகும். கரையோரமாக வடக்கே ஏறி, கார்வார் பக்கம் அஞ்சதீவில் கப்பலைச் சாய்த்துச் சுத்தம் செய்து, அக்டோபர் 5 அன்று திறந்த கடலில் இறங்கினார்கள். இந்தத் தடவை மாலிந்தியில் கிடைத்ததைப் போல வழிகாட்டி இல்லை.

போகும்போது 23 நாளில் தாண்டிய அதே கடல். இந்தத் தடவை 89 நாள்.

காற்று செத்துக் கிடக்கும், அல்லது முகத்துக்கு எதிரே வரும். பயணக் குறிப்பு எழுதியவர் "மூன்று மாதத்துக்கு மூன்று நாள் குறைவு" என்று எழுதியிருக்கிறார். நாட்களை அப்படி எண்ணியிருக்கிறார் பாருங்கள், ஒவ்வொன்றும் அவருக்குக் கணக்கு. அந்தக் கடப்பில் மட்டும் 30 பேர் செத்தார்கள். ஒவ்வொரு கப்பலிலும் வேலை செய்யும் நிலையில் இருந்தது ஏழெட்டுப் பேர். ஒரு கப்பலில் பாயை ஏற்ற இறக்க, சுக்கான் பிடிக்க, தண்ணீர் இறைக்க ஏழெட்டுப் பேர் என்றால் அது எனக்குக் கையில் உணர முடிகிற கணக்கு. காவல் மாற ஆள் இல்லை என்று அர்த்தம். தூங்கினால் கப்பல் தன் போக்கில் போகும் என்று அர்த்தம்.

இந்தியா பக்கம் திருப்பிவிடும் காற்று வந்தால் இந்தியாவுக்கே திரும்பிவிடுவது என்று கேப்டன்கள் பேசி முடிவெடுத்திருந்தார்கள். அதற்குள் ஒரு நல்ல காற்று கிளம்பி, ஆறே நாளில் கரை தெரிந்தது. 1499 ஜனவரி 2. வடகிழக்குப் பருவக்காற்று தன் நேரத்துக்கு வந்து சேர்ந்தது, அவ்வளவுதான். டிசம்பர் வரை கோழிக்கோட்டில் காத்திருந்தால் அந்த முப்பது பேரில் பெரும்பாலோர் உயிரோடு இருந்திருப்பார்கள் என்று நான் நம்புகிறேன்.

மாலிந்தி தாண்டியதும் சாங் ரஃபாயேலைத் தீ வைத்துக் கொளுத்தினார்கள். கப்பல் கெட்டுப்போகவில்லை. மூன்று கப்பலை ஓட்ட ஆள் இல்லை.

#12 செம்பருத்தி

நான் செவிலியர். இந்த இழையில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன், 30 பேர் என்று படித்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அவர்களைக் கொன்றது ஸ்கர்வி. வைட்டமின் சி இல்லாமல் உடம்பு கொலாஜனைக் கட்ட முடியாது. கொலாஜன்தான் தோலையும் ஈறையும் ரத்தக்குழாயையும் பிடித்து வைத்திருக்கும் பசை. ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள் உடம்பில் இருந்த இருப்பு தீர்ந்துவிடும். முதலில் அசதி. பிறகு கால் வீக்கம், தோலுக்கடியில் ரத்தக் கட்டு. ஈறு பஞ்சு மாதிரி ஊதிப் பல்லை மூடும். பழைய காயத் தழும்பு, பத்து வருடத்துக்கு முன் ஆறியது கூட, திரும்பப் பிளக்கும். அந்தப் பயணக் குறிப்பிலேயே இருக்கிறது: கையும் காலும் வீங்கின, ஈறு வளர்ந்து பல்லை மூடியதால் சாப்பிட முடியவில்லை என்று. ஊட்டச்சத்து அறவே இல்லாமல் வந்த ஒரு வயதானவரின் வாயை நான் டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறேன். ஈறு கருஞ்சிவப்பாக, பஞ்சால் தொட்டாலே ரத்தம் கசிந்தது. தனியாக இருந்தவர், பல மாதம் பன்னும் தேநீரும் மட்டும். எலுமிச்சைச் சாறும் மாத்திரையும் கொடுத்து ஒரே வாரத்தில் எழுந்து உட்கார்ந்தார். ஒரு வாரம்!

இப்போது கேளுங்கள். போகும் வழியில் மொம்பாசாவில் அவர்களுக்கு ஆரஞ்சும் எலுமிச்சையும் கரும்பும் கூடை கூடையாக வந்தன. நோயாளிகள் எல்லோரும் தேறினார்கள். குறிப்பு எழுதியவர் காரணம் சொல்கிறார்: இந்த ஊர்க் காற்று ரொம்ப நல்லது. வரும் வழியில் மாலிந்தியில் நோயாளிகள் ஆரஞ்சு வேண்டும் என்று தவித்துக் கேட்க, ஆள் அனுப்பி வாங்கி வந்தார்கள். அதற்குள் பலருக்குக் காலம் கடந்துவிட்டது, அங்கேயே செத்தார்கள். அதற்கும் அவர் காரணம் சொல்கிறார்: இந்த ஊர்க் காற்று ஒத்துக்கொள்ளவில்லை.

உடம்பு ஆரஞ்சைக் கேட்கிறது. நாக்குக்குத் தெரிந்திருக்கிறது. கடலில் எந்தக் காற்று எங்கே திரும்பும் என்று அவ்வளவு துல்லியமாகப் படித்தவர்கள், இதற்கும் காற்றையே காரணம் சொல்லிவிட்டார்கள். 1747இல்தான் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் 12 நோயாளிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஆறு விதமாகக் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இரண்டு பேர்தான் சீக்கிரம் எழுந்தார்கள். பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாற்றைக் கட்டாயமாக்க 1795 ஆனது. மொம்பாசாவின் அந்தக் கூடையிலிருந்து கணக்குப் போட்டால் ஏறக்குறைய முந்நூறு வருடம்.

இன்னொன்று. மகெல்லனின் ஆட்கள் பசிபிக்கில் மூன்று மாதம் இருபது நாள் புதிய உணவே இல்லாமல் போனபோது எலியை அரை டூகட் பொன்னுக்கு விற்று வாங்கித் தின்றார்கள். எலி தன் உடம்பிலேயே வைட்டமின் சி செய்துகொள்ளும், மனிதனால் முடியாது. அந்த எலிக்கறியில் சில பேருக்கு உயிர் ஒட்டியிருக்கலாம். இதை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

#13 பனங்காடை

செம்பருத்தி அக்கா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

கொலம்பஸுக்கும் இந்தத் திருப்பம் தெரியுமா? மகெல்லன் கப்பல் ஏன் வந்த வழியே திரும்பாமல் உலகத்தைச் சுற்றிக்கொண்டு போனது?

#14 திசைகாட்டி

கொலம்பஸுக்குத் தெரியும். ஸ்பெயினுக்குப் போகும் முன் போர்ச்சுகீசியரோடு கினிக் கரைக்குப் போய் வந்தவர். அதனால்தான் 1492இல் நேரே மேற்கே போகாமல் முதலில் கனாரித் தீவுக்கு இறங்கி, வியாபாரக் காற்றைப் பிடித்துக்கொண்டு போனார். திரும்பும்போது வடக்கே ஏறி மேலைக்காற்றைப் பிடித்து அசோர்ஸ் வழியாக வந்தார். ஆசியாவின் தூரக் கணக்கில் பெரிய தப்பு செய்தவர், காற்றின் கணக்கில் தப்பு செய்யவில்லை.

பசிபிக் கதை வேறு. அங்கே போகும் காற்று சுலபமாகக் கிடைத்தது, வரும் காற்று கிடைக்கவே இல்லை. மகெல்லன் 1521இல் பிலிப்பைன்ஸில் கொல்லப்பட்ட பிறகு மிஞ்சியது இரண்டு கப்பல். விக்டோரியா மேற்கே போர்ச்சுகீசியர் கடல் வழியாகவே துணிந்து போய் 1522 செப்டம்பர் 6 அன்று 18 பேரோடு ஸ்பெயின் சேர்ந்தது. டிரினிடாட் வந்த பசிபிக் வழியே அமெரிக்காவுக்குத் திரும்பப் பார்த்தது. எதிர்க்காற்றில் மாதக்கணக்கில் அல்லாடி, ஆட்கள் செத்து, மறுபடி கிளம்பிய இடமான மொலுக்கஸ் தீவுகளுக்கே (இன்றைய இந்தோனேசியா) வந்து போர்ச்சுகீசியரிடம் மாட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு ஸ்பெயின் தரப்பில் சாவெத்ரா இரண்டு தடவை முயன்றார், வில்யலோபோஸின் ஆட்கள் இரண்டு தடவை முயன்றார்கள். எல்லோரும் தோற்றார்கள்.

1565இல்தான் அது திறந்தது. உர்தனெத்தா என்ற பாதிரியார், இளவயதில் கடலோடியாக இருந்தவர். ஜூன் 1 அன்று செபூ தீவிலிருந்து கிளம்பி, அமெரிக்கா இருக்கும் கிழக்கை விட்டு வடக்கே ஜப்பான் பக்கம் ஏறினார். அட்லாண்டிக்கில் எங்கே மேலைக்காற்று கிடைத்ததோ, ஏறக்குறைய அதே உயரத்தில் பசிபிக்கிலும் கிடைத்தது. அக்டோபர் 8, மெக்சிகோக் கரையில் அகாபுல்கோ. அவருக்கு இரண்டு மாதம் முன்பே, கூட்டத்தை விட்டுப் பிரிந்த சான் லூகாஸ் என்ற சின்னக் கப்பல் அதே மாதிரி திரும்பியிருந்தது. அதை ஓட்டியவர் லோப்பே மார்ட்டின், ஆப்பிரிக்க வம்சத்துப் போர்ச்சுகீசியர். அவர் பெயரைப் பாடத்தில் பார்த்திருக்க மாட்டீர்கள், அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

அந்த ஒரு திருப்பத்தின் மேல் மணிலாவுக்கும் அகாபுல்கோவுக்கும் நடுவே 1815 வரை, 250 வருடம், வெள்ளியும் பட்டும் ஓடின.

#15 கரிசல்

காற்றைப் படித்த திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை, திசைகாட்டி. இந்த இழையில் நிறையக் கற்றேன், நன்றி. ஆனால் வழி தெரிந்ததும் என்ன வந்தது என்பதும் அதே கோட்டில்தான் இருக்கிறது. 1502இல் வாஸ்கோ ட காமா இரண்டாம் முறை வந்தபோது, மெக்காவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த மிரி என்ற பயணிகள் கப்பலை மறித்து, பெண்களும் குழந்தைகளும் உட்பட நூற்றுக்கணக்கானவர்களோடு எரித்தார். அதன் பிறகு கோழிக்கோடு ஊரின் மேல் பீரங்கி சுட்டார். மாலிந்தியில் வழிகாட்டி கேட்டு வாங்கிய அதே கடல்.

#16 திசைகாட்டி

ஆமாம். அதைத் தனி வரியாக இல்லாமல் இதே இழையில் நீங்கள் சொன்னது சரி.

#17 வேம்படி

எல்லோருக்கும் நன்றி. ஞாயிறு முழுக்க இந்த இழையை வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். தண்டல்பேரன் ஆச்சி அரிசியைக் குறைத்துப் போட்டதை இரண்டு தடவை படிக்கச் சொன்னாள்.

பழைய கோட்டை அழித்துவிட்டு வில் போட்டிருக்கிறாள். அதன் மேல் நீலப் பென்சிலில் காற்றுக்கு அம்புக்குறி. கரை தெரியாத இடத்தில் 93 என்று எழுதியிருக்கிறாள். அரபிக்கடலில் இரண்டு கோடு, போகும் கோட்டின் மேல் 23, வரும் கோட்டின் மேல் 89. மொம்பாசா பக்கத்தில் சின்னதாக ஒரு ஆரஞ்சு, அது அவளாகவே வரைந்தது. கோழிக்கோட்டின் பக்கத்தில் 1498 என்று எழுதி, அதன் கீழே 1502 என்றும் எழுதிவிட்டு, அங்கே என்ன படம் போடுவது என்று கேட்டாள். ஒரு கப்பல் போடு என்றேன். "எரியற மாதிரியா?" என்றாள். ஆமாம் என்றேன். சிவப்புப் பென்சில் மொட்டையாக இருந்தது, சீவிக் கொடுத்தேன்.